கைவைக்கும் முன் கண்ணால்: குழந்தைகளின் மூட்டையும் தசையையும் பரிசோதிப்பது

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கும் எந்தக் குழந்தையின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தாலும் இதயத்துக்கு ஒரு வரி, நுரையீரலுக்கு ஒரு வரி, வயிற்றுக்கு ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் உரிய இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இல்லையென்றால் 'இயல்பு' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்திருக்கும். அந்தச் சொல்லை எழுதியவர் குழந்தையைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்கவிட்டுப் பார்த்தாரா, இரண்டு முழங்கால்களையும் ஒருசேரத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டால் பல நேரங்களில் பதில் வராது. குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் எனக்கு இது நெடுநாளாகவே உறுத்தலாக இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைக்காமல் 'இதயம் இயல்பு' என்று எழுத யாருக்கும் துணிவு வராது. மூட்டு விஷயத்தில் மட்டும் அந்தத் துணிவு எளிதாக வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு காரணம், வலி இருந்தால் குழந்தை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. முழங்கால் வீங்கிய பெரியவர் முழங்காலைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார். மூன்று வயதுக் குழந்தை அப்படிச் செய்வதில்லை. வலி சிறிது சிறிதாக வரும்போது அதைத் தன் உடம்பின் இயல்பாகவே ஏற்றுக்கொண்டு, வலிக்காத வகையில் நடக்கவும் உட்காரவும் அது பழகிவிடுகிறது. வீட்டாரின் கண்ணில் படுவது வேறொன்று: காலையில் எழுந்ததும் தூக்கிக்கொள்ளச் சொல்லி அடம்பிடித்த குழந்தை, ஒரு மணி நேரம் கழித்து ஓடி விளையாடுகிறது, நின்றபடியே படியேறிக்கொண்டிருந்த குழந்தை மறுபடியும் தவழ்ந்து ஏறுகிறது, தானே சட்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளை இப்போது கைகளை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அடம், சோம்பல், செல்லம் என்று பெயர் சூட்டப்படும் இந்த மாற்றங்களில் சில மூட்டழற்சியின் முதல் அடையாளங்களாக இருக்கும், வேறு சில தசை நோயின் அடையாளங்களாக இருக்கும். ஏற்கெனவே கற்றுக்கொண்ட ஒன்றைக் குழந்தை கைவிட்டிருக்கிறது என்று தாய் சொன்னால், அதற்குக் காரணம் தெரியும்வரை பரிசோதனை முடிந்துவிட்டதாக நான் கருதுவதில்லை.

நல்லவேளையாக, எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது என்பதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்து தந்தவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கென்று 1992-இல் வெளிவந்த ஒரு சுருக்கப் பரிசோதனை முறையைக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெலன் ஃபாஸ்டரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட 'பிகால்ஸ்' என்ற முறை இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. நடை, கைகள், கால்கள், முதுகுத்தண்டு ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்து முடிக்க, பழகிய கைக்கு இரண்டு நிமிடங்கள் போதும். அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் உண்டு. மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலியோ விறைப்போ உண்டா? பிறர் உதவியின்றி உடை உடுத்துவதில் சிரமம் இருக்கிறதா? படி ஏறி இறங்குவதில் சிரமம் இருக்கிறதா? இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் வலியைப் பற்றிப் பேசவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லும் பெற்றோர் பலர் மூன்றாவது கேள்வியில் சற்று யோசித்துவிட்டு, 'இப்போதெல்லாம் தூக்கச் சொல்கிறான்' என்பார்கள்.

கேள்விகள் நடந்துகொண்டிருக்கும்போதே பரிசோதனையும் தொடங்கிவிட வேண்டும். குழந்தை மடியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எந்தக் கையால் பொம்மையை வாங்குகிறது, தரையில் இறக்கிவிட்டால் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது என்பதையெல்லாம் அதன் அருகில் போவதற்கு முன்பே பார்த்துவிடலாம். மருத்துவர் கிட்டே வந்ததும் அழத் தொடங்கிவிட்ட குழந்தையிடமிருந்து பிறகு கிடைக்கும் தகவலைவிட, அறையின் ஒரு மூலையில் அதன் போக்கில் விட்டுவைத்த இரண்டு நிமிடங்களில் கிடைக்கும் தகவல் அதிகம். கால்சட்டையைக் கழற்றி, தொடை முதல் பாதம் வரை தெரியும்படி நடக்கவிட வேண்டும். வளர்ந்த பிள்ளையென்றால் அதன் கூச்சத்தை மதித்து, அரைக்கால்சட்டையோடு திரைக்குப் பின்னால் பார்த்தாலும் போதும். காலணியைக் கழற்றச் சொல்ல மறக்கக் கூடாது. தேய்ந்த அடிப்பாகம் எந்தப் பக்கம் என்று அந்தக் காலணியையும் ஒரு முறை திருப்பிப் பார்ப்பது என் வழக்கம்.

நடை பல கதைகளைச் சொல்லும். வலிக்கும் காலைத் தரையில் குறைந்த நேரமே ஊன்றிச் சட்டென்று எடுத்துவிடும் நடை ஒன்று. ஒரு பக்கக் காலை ஊன்றும்போது எதிர்ப்பக்க இடுப்பு தாழ்ந்துபோகும் நடை இன்னொன்று. இடுப்பு மூட்டிலோ அதைத் தாங்கும் தசையிலோ குறையிருப்பதை அது காட்டும். இரண்டு பக்கமும் அப்படித் தாழ்ந்து தாழ்ந்து வாத்தைப்போல் அசைந்து வரும் நடை இரண்டு இடுப்பு மூட்டுகளும் விலகியிருப்பதாலோ இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் வலுவிழந்திருப்பதாலோ வரும். நடக்க மறுக்கும் சிறு குழந்தையைத் தவழவிட்டுப் பார்ப்பதும் உதவும். தாராளமாகத் தவழ்கிற குழந்தை நிற்க மட்டும் மறுத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கும். பாதத்தில் குத்திய முள்ளாக இருக்கலாம், கணுக்கால் எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். உட்காரவே மறுக்கும் குழந்தைக்கு முதுகெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிகால்ஸ் முறையின் அசைவுகளைக் குழந்தைகள் விளையாட்டாகவே செய்துவிடுவார்கள். எதிரே நின்று நாம் செய்துகாட்டினால் சொல்லவே வேண்டியதில்லை. நுனிக்காலால் நட, குதிகாலால் நட. கைகளை முன்னால் நீட்டு, திருப்பு, இறுக்கி மூடு. முழுமையாக மூடாத ஒரு விரல்கூட அங்கே தெரிந்துவிடும். உள்ளங்கைகளைச் சேர்த்துக் கும்பிடு, பிறகு புறங்கைகளைச் சேர்த்துக் கீழ்நோக்கி மடக்கு. மணிக்கட்டின் விறைப்பு இந்த இரண்டாவது அசைவில்தான் அகப்படும். வானத்தைத் தொடு, கூரையைப் பார், கழுத்துக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொள், காதைத் தோளில் சாய். வாயை அகலத் திறந்து உன்னுடைய மூன்று விரல்களை உள்ளே வை. தாடை மூட்டுக்கான இந்தக் கடைசி அசைவை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இளம்பருவ மூட்டழற்சியில் தாடை மூட்டு வலியே இல்லாமல் பாதிக்கப்பட்டு, கீழ்த்தாடை வளராமல் போவதும் உண்டு என்பதால் அதை விடக் கூடாது. குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லும்போது பின்னாலிருந்து பார்த்தால், முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பதும் விலா எலும்புகள் ஒரு பக்கம் மேடாக எழுவதும் தெரியும்.

இதற்குப் பிறகுதான் கை. குழந்தை தாயின் மடியிலோ தந்தையின் மடியிலோ இருக்கட்டும். படுக்கவைத்துவிட்டால் பாதிக் குழந்தைகள் அழுவார்கள், அழுகிற குழந்தையின் தசைகள் இறுகிவிடும். எந்த இடம் வலிக்கிறது என்று தெரிந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல பக்கத்தை முதலில் அசைத்துக் காட்டினால், அடுத்து என்ன வரப்போகிறது என்பது குழந்தைக்குப் புரியும். அசைக்கும்போது நம் கண் மூட்டின்மேல் அல்ல, குழந்தையின் முகத்தின்மேல் இருக்க வேண்டும். 'வலிக்கிறதா?' என்று கேட்டால் சில குழந்தைகள் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்பார்கள், பயந்த குழந்தைகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பார்கள். புருவம் சுருங்குவதும் பேச்சு பாதியில் நிற்பதும் அப்படிப் பொய் சொல்வதில்லை.

முழங்காலைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். நலமாக இருக்கும் முழங்கால், அதன் மேலும் கீழும் உள்ள தொடையையும் கெண்டைக்காலையும்விடச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் முழங்காலில் ஏதோ இருக்கிறது என்று பொருள். முழங்கால் சில்லுக்கு இருபுறமும் உள்ள குழிவு மறைந்திருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். நீர் அதிகமாக இருந்தால் சில்லை அழுத்தும்போது அது மிதந்து சென்று அடியில் தட்டுவதை விரலில் உணரலாம். குறைவாக இருந்தால் ஒரு பக்கத்து நீரை மேல்நோக்கித் தடவித் தள்ளிவிட்டு, மறுபக்கத்தைக் கீழ்நோக்கி வருடும்போது முதல் பக்கத்தில் சிறிய புடைப்பு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களாக வீங்கியிருக்கும் முழங்காலில் இன்னும் இரண்டு தடயங்கள் இருக்கும். தொடைத் தசை மெலிந்திருக்கும், எனவே இரண்டு தொடைகளின் சுற்றளவையும் ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து ஒப்பிட வேண்டும். அழற்சியால் அந்தப் பக்கம் இரத்த ஓட்டம் மிகுந்து எலும்பு விரைவாக வளர்வதால், சிறு குழந்தைகளில் நோயுள்ள கால் சற்று நீளமாகவும் இருக்கும். நோய் எப்போது தொடங்கியது என்று வீட்டாருக்குச் சொல்லத் தெரியாதபோது இந்த இரண்டும் சொல்லிவிடும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இடுப்பு மூட்டைப் பற்றித்தான். உடலின் ஆழத்தில் தசைகளுக்குள் புதைந்திருப்பதால் அது வீங்கினாலும் வெளியே தெரியாது, தொட்டாலும் சூடு தெரியாது. அதன் வலி தொடையின் உட்புறத்திலும் முழங்காலிலும் உணரப்படும், ஏனெனில் ஒரே நரம்பு இரண்டு இடங்களுக்கும் கிளை அனுப்புகிறது. முழங்கால் வலி என்று வந்த பிள்ளைக்கு முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, அது நன்றாக இருக்கிறது என்று திருப்பியனுப்புவது எல்லா நாட்டு மருத்துவமனைகளிலும் நடக்கும் தவறு. பாடநூல்கள் எல்லாம் எச்சரித்தும் அது நிற்கவில்லை. முழங்கால் வலியோடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இடுப்பு மூட்டைப் பார்த்தே ஆக வேண்டும். மல்லாந்து படுத்த நிலையில் இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாக நகர்த்தினால் தொடை இடுப்பு மூட்டில் உட்புறமாகச் சுழலும். இடுப்பு மூட்டில் எந்த நோய் வந்தாலும் முதலில் குறைவது இந்த உட்சுழற்சிதான்.

இந்த ஓர் அசைவு குறைந்திருப்பது தெரிந்துவிட்டால், வயது அடுத்த குறிப்பைத் தரும். நான்கு முதல் எட்டு வயது வரையில், பெரும்பாலும் ஆண் குழந்தைகளில், தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு வரும் பெர்த்தஸ் நோய் இருக்கலாம். வளரிளம் பருவத்தில், குறிப்பாக எடை மிகுந்த பிள்ளைகளில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டின் வழியாகத் தொடையெலும்பின் தலை நழுவியிருக்கலாம். அப்படி நழுவியிருக்கும்போது இடுப்பை மடக்கினால் கால் நேராக வராமல் தானாகவே வெளிப்புறம் திரும்பிக்கொள்ளும்; இதைக் கண்ட கணத்திலிருந்து அந்தப் பிள்ளையை நடக்கவிடக் கூடாது, எக்ஸ்ரே அறைக்கும் சக்கர நாற்காலியில்தான் அனுப்ப வேண்டும். மூன்று முதல் எட்டு வயதுக்குள், சளி காய்ச்சலுக்குப் பிறகு சில நாட்கள் நொண்டிவிட்டு இரண்டு வாரங்களுக்குள் சரியாகிவிடும் தற்காலிக மூட்டழற்சிதான் இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது. ஆனால் மற்றவற்றை விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சூட்ட முடியும்.

விலக்க வேண்டியவற்றில் முதலாவது, மூட்டுக்குள் சீழ் பிடிப்பது. குருத்தெலும்பு மிகச் சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால் இது இரவில் வந்தால் இரவிலேயே பார்க்க வேண்டிய நோய். காய்ச்சலோடு, ஒரு மூட்டைச் சிறிதும் அசைக்கவிடாத குழந்தை. இடுப்பு மூட்டானால், உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும் நிலையைத் தேடிக் காலைச் சற்று மடக்கி, அகட்டி, வெளிப்புறம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருக்கும் குழந்தை. இவர்களைக் கண்டால் மூட்டு நீரை உறிஞ்சிப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பாஸ்டனில் கோக்கரும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு நான்கு குறிப்புகளை வைத்தது: காய்ச்சல், காலை ஊன்ற மறுப்பது, அழற்சியைக் காட்டும் இரத்த அளவான இ.எஸ்.ஆர். 40-ஐ எட்டுவது அல்லது தாண்டுவது, வெள்ளையணுக்கள் 12,000-ஐத் தாண்டுவது. நான்கும் இருந்தால் இடுப்பு மூட்டில் சீழ் இருப்பதற்கான வாய்ப்பு 99 சதவீதத்துக்கும் மேல் என்று அவர்கள் கண்டார்கள். பிற மருத்துவமனைகளில் சோதித்தபோது அந்த எண் அவ்வளவு உயரத்தில் நிற்கவில்லை. என்றாலும் நான்கில் இரண்டு படுக்கையருகே, கண்ணாலும் வெப்பமானியாலும் தெரிந்துகொள்ளக் கூடியவை என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம். ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பதும், டயப்பர் மாற்றும்போது மட்டும் வீறிட்டு அழுவதுமே அடையாளமாக இருக்கும். பக்கவாதம் போலத் தோன்றினாலும் அது பக்கவாதம் அல்ல, வலிக்கு அஞ்சிய அசைவின்மை. நர்ஸ்கள் இதை மருத்துவர்களுக்கு முன்பே கவனித்துவிடுகிறார்கள். துணி மாற்றுபவரும் எடை பார்ப்பவரும் அவர்கள்தானே. 'இந்தக் குழந்தை அந்தக் காலை உதைக்கவே இல்லை' என்று ஒரு நர்ஸ் சொன்னால், ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்ப்பது தகும்.

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு விலகல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். இத்தாலிய மருத்துவர் ஓர்ட்டோலானி 1937-இல் விவரித்த முறையில், விலகியிருக்கும் மூட்டு அகட்டும்போது மெத்தென்று உள்ளே போவதை விரல் உணரும். பார்லோ 1962-இல் சேர்த்த முறையில், உள்ளே இருக்கும் மூட்டு மெதுவாகத் தள்ளினால் வெளியேறுகிறதா என்று பார்க்கிறோம். இரண்டும் முதல் சில வாரங்களுக்கே நம்பகமானவை. மூன்று மாதத்துக்குப் பிறகு தசைகள் இறுகிவிடுவதால், ஒரு பக்கத் தொடை மறுபக்கத்தைப்போல் அகலவில்லை என்பதும், முழங்கால்களை மடக்கி வைக்கும்போது ஒன்று தாழ்ந்து தெரிவதுமே அடையாளங்கள். கருப்பையில் இடுப்பு கீழாக இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்த குழந்தைக்கும் கை சொல்வது போதாது, ஸ்கேன் தேவை.

தசைக்கு வருவோம். குழந்தையைத் தரையில் மல்லாந்து படுக்கவைத்து 'எழுந்திரு' என்று சொல்வதைவிடச் செலவில்லாத, பயனுள்ள பரிசோதனை குழந்தை மருத்துவத்தில் அதிகம் இல்லை. நலமான நான்கு வயதுக் குழந்தை துள்ளி எழுந்துவிடும். இடுப்பைச் சுற்றிய தசைகள் வலுவிழந்த குழந்தை முதலில் குப்புறத் திரும்பும், கைகளையும் கால்களையும் ஊன்றிப் பின்பக்கத்தை உயர்த்தும், பிறகு முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின்மீதே கைகளை ஊன்றி ஏறி நிமிரும். வில்லியம் கவர்ஸ் 1879-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. டூஷென் தசைச்சிதைவு நோயோடு இதை இணைத்துப் பேசினாலும், இடுப்புத் தசைகளின் வலுவைக் குறைக்கும் எந்த நோயிலும் இது வரும். கட்டிலின் மேல் இதைப் பார்க்க முடியாது. பாய் விரித்தாவது தரையில் பார்க்க வேண்டும்.

டூஷென் நோய் ஆண் குழந்தைகளுக்கு வரும் மரபணுக் குறை. நடக்கத் தாமதம், அடிக்கடி விழுதல், ஓட முடியாமை, கெண்டைக்கால் பருத்துக் கெட்டியாக இருத்தல் ஆகியவற்றோடு வந்தும், நான்கைந்து வயதுவரை கண்டுபிடிக்கப்படாமல் போகிறவர்கள் பலர். பதினெட்டு மாதமாகியும் நடக்காத ஆண் குழந்தைக்கு தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் சி.பி.கே. என்ற என்சைமின் அளவைப் பார்ப்பது எளிய வேலை; இந்த நோயில் அது ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில்கூட இருக்கும். வேறொரு காரணத்துக்காக வார்டில் சேர்ந்த குழந்தைக்குக் கல்லீரல் பரிசோதனை செய்யும்போது ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் உயர்ந்திருப்பது தெரிந்து, கல்லீரல் நோய் என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பதும் உண்டு. அந்த என்சைம்கள் தசையிலும் இருக்கின்றன. கல்லீரல் திசுச் சோதனைக்கு நாள் குறிக்கும் முன், குழந்தையை ஒரு முறை தரையிலிருந்து எழச் சொல்லிப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எழச் சொல்ல முடியாத கைக்குழந்தையின் தசையை அறிய, அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கைகளைப் பிடித்து மெல்ல எழுப்பும்போது தலை எவ்வளவு பின்தங்குகிறது, அக்குளில் கைகொடுத்து நிறுத்தும்போது கைகளிலிருந்து நழுவிப்போவதுபோல் இருக்கிறதா, வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துக் குப்புறத் தூக்கும்போது தலையும் கால்களும் துவண்டு தொங்குகின்றனவா என்று பார்க்கிறோம். துவண்ட குழந்தை என்றதும் மூளையா, நரம்பா, தசையா என்ற கேள்வி எழும். விழிப்போடு நம்மையே பார்த்து முகம் மலரும் குழந்தை, ஆனால் கால்களை உதைப்பதில்லை, முழங்காலைத் தட்டினால் அனிச்சைச் செயல் இல்லை, நாக்கின் ஓரங்கள் புழுப்போல் நெளிகின்றன என்றால், தண்டுவட நரம்பணுக்கள் அழிவதால் வரும் தசைநலிவு நோயைச் சந்தேகிக்க வேண்டும். 2016-க்கு முன்பு இதைக் கண்டறிவதால் குடும்பத்துக்குத் தகவல் மட்டுமே கிடைத்தது; அந்த ஆண்டு அமெரிக்காவில் நூசினெர்சன் என்ற மருந்துக்கும், 2019-இல் மரபணு சிகிச்சைக்கும் அனுமதி கிடைத்த பிறகு, சில வாரத் தாமதமும் குழந்தையின் வலுவைக் குறைத்துவிடும் என்ற நிலை வந்திருக்கிறது.

பெரிய குழந்தைகளின் வலுவைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பிடும் வழக்கம் உண்டு. அந்த எண்ணைத் தருவதற்கு நம் கையோடு மல்லுக்கட்டச் சொல்வதைவிட, நாற்காலியிலிருந்து கைகளைக் கட்டிக்கொண்டு எழச் சொல்வதும், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வதும் உண்மையை அதிகம் காட்டும். கழுத்தை மறந்துவிடக் கூடாது. படுத்த நிலையில் தலையைத் தூக்கித் தாங்கிப் பிடிக்கச் சொன்னால், தோல் - தசை அழற்சி நோயுள்ள குழந்தையால் சில நொடிகளுக்கு மேல் முடியாது. அந்த நோய்க்கென்று உள்ள 52 மதிப்பெண் அட்டவணையில் தலையை இரண்டு நிமிடம் தாங்கினால்தான் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண். கண்ணிமைகளில் ஊதா நிறம், விரல் மூட்டுகளின் மேல் சிவந்த தடிப்பு, மூக்கால் பேசும் குரல், விழுங்கும்போது புரையேறுதல் இவை உடன் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த நோயில் சி.பி.கே. இயல்பாகவே இருந்துவிடுவதும் உண்டு என்பதால், எண்ணைப் பார்த்து நோயை மறுப்பது ஆபத்து.

நேற்றுவரை ஓடிய குழந்தை இன்று நடக்க மறுத்தால், தசையா நரம்பா என்பதை அன்றே பிரித்தாக வேண்டும். ஃப்ளூ காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு கெண்டைக்கால்களும் தொட்டாலே வலித்து, நுனிக்காலால் நடந்தால் அது பெரும்பாலும் வைரஸால் வரும் தசையழற்சி; ஒரு வாரத்தில் தானாகவே தணியும். கால்வலி, முதுகுவலி என்று தொடங்கி முழங்கால் அனிச்சை மறைந்திருந்தால் நரம்புகளைத் தாக்கும் கில்லான் பாரே நோயாக இருக்கலாம், அது மேலேறி மூச்சுத் தசைகளையும் பிடிக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக்காட்டும் கருவி ஒரு சிறிய ரப்பர் சுத்தி. வார்டில் தேடும்போது அது கிடைப்பதில்லை என்பது தனிக் கதை.

இரத்தப் பரிசோதனைகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலி என்றதும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ. என்று உடலின் தன்னெதிர்ப்புப் பொருள்களைத் தேடும் சோதனைகளின் பட்டியலை எழுதி அனுப்புவது மூட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு மாற்றாகிவிட்டது. பதினாறு வயதுக்குள் தொடங்கி, வேறு காரணமின்றி ஆறு வாரங்களாவது நீடிக்கும் மூட்டழற்சியே இளம்பருவ மூட்டழற்சி. அதைக் கண்டறிவது கண்ணும் கையும்தான். இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் இருப்பதில்லை, எந்த நோயும் இல்லாத பல குழந்தைகளுக்கு ஏ.என்.ஏ. இருக்கிறது. நோய் உறுதியான பிறகு ஏ.என்.ஏ. பயன்படும், ஏனெனில் அது உள்ள சிறு குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே, சிவக்காமலும் வலிக்காமலும் அழற்சி வந்து பார்வையைக் கெடுக்கும் வாய்ப்பு அதிகம். அவர்களைக் கண் மருத்துவர் பிளவு விளக்குக் கருவியால் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், நுண்ணோக்கியில் இரத்தப் பூச்சையும் பார்ப்பது கட்டாயம். வீக்கத்துக்குப் பொருந்தாத அளவு கடும் வலி, இரவில் எழுப்பும் எலும்பு வலி, வெளிறிய முகம், எடைக் குறைவு இவற்றோடு வரும் மூட்டுவலி இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். அதை விலக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் தற்காலிகமாக மறைந்து, கண்டறிதல் தள்ளிப்போகும்.

இவ்வளவும் சொன்னதால் ஒவ்வொரு கால்வலிக்கும் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களும் வலித்து, தடவிவிட்டால் தூங்கி, காலையில் எதுவுமே நடவாததுபோல் ஓடும் குழந்தையின் பரிசோதனை முழுவதும் இயல்பாக இருந்தால் அது வளர்பருவ வலி. இரண்டு வயதுவரை கால்கள் வில்போல் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பதும், சிறு குழந்தையின் பாதம் தட்டையாக இருப்பதும் பெரும்பாலும் வயதின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, ஆண்டுக்கு ஆண்டு கூடினாலோதான் கேள்வி.

வார்டில் இருக்கும் குழந்தையை எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மூட்டழற்சியின் விறைப்பு காலையில் மிகுதி. பதினோரு மணி ரவுண்ட்ஸில் பார்க்கும்போது குழந்தை நன்றாக நடக்கும், நோய் இல்லை என்று எழுதிவிடுவோம். விழித்தெழுந்த அரைமணி நேரத்துக்குள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், முடியாவிட்டால் இரவுப் பணி நர்ஸிடம் கவனித்து எழுதச் சொல்ல வேண்டும். உடல் முழுவதையும் பாதிக்கும் வகை மூட்டழற்சியில், இளஞ்சிவப்புத் தடிப்புகள் காய்ச்சல் ஏறும் மாலைப் பொழுதில் தோன்றி, காய்ச்சல் இறங்கியதும் மறைந்துவிடும். காலையில் மட்டும் வந்துபோகும் மருத்துவர் அதைக் காணவே மாட்டார்.

வேறு நோய்க்காக வாரக்கணக்கில் படுத்திருக்கும் குழந்தைகளின் மூட்டும் தசையும் இன்னும் அதிகமாக மறக்கப்படுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவரும் குழந்தையின் தசை சில நாட்களிலேயே வற்றியிருக்கும். கணுக்கால் கீழ்நோக்கி இறுகத் தொடங்கியிருக்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குத் தொடைத் தசை வலுவிழப்பதும், முதுகெலும்பு நசுங்குவதும் நேரலாம், எனவே அதன் முதுகை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மூளைவாதமுள்ள குழந்தை நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்தாலும், அதன் தொடைகள் எவ்வளவு அகல்கின்றன என்று அந்தச் சேர்க்கையிலேயே அளந்துவிடுவது நல்லது. இடுப்பு மூட்டு மெல்ல நழுவுவதை அந்தக் குழந்தையால் சொல்ல முடியாது. இத்தகைய குழந்தைகளை நாள்தோறும் கையால் தொடுகிறவர் பிசியோதெரபிஸ்ட். அவருடைய குறிப்பேட்டை மருத்துவர்கள் புரட்டிப் பார்ப்பது அரிதாக இருப்பது வருந்தத்தக்கது.

பெற்றோரிடம் நான் இப்போது தவறாமல் கேட்பது மொபைல் வீடியோ. காலையில் எழுந்ததும் எடுத்தது ஒன்று, படியேறுவது ஒன்று, தரையிலிருந்து எழுவது ஒன்று. மருத்துவமனையில் வெட்கத்தாலோ பயத்தாலோ நடக்க மறுக்கும் குழந்தையின் உண்மையான நடை அதில் இருக்கும். மாதம் கழித்து ஒப்பிடவும் உதவும். கேஸ் ஷீட்டிலும் அப்படி ஒப்பிடக்கூடிய வகையில் எழுத வேண்டும். 'மூட்டுகள் இயல்பு' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. 'காலை ஏழு மணி. நொண்டுகிறான், வலது காலைக் குறைவாக ஊன்றுகிறான். வலது முழங்காலில் சிறிதளவு நீர், சூடு உண்டு, முழுவதும் நீட்ட முடியவில்லை. இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் உட்சுழற்சி சமம். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறான். தாடை, கழுத்து, விரல்கள் பார்க்கப்பட்டன, குறையில்லை. கண் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறேன்' என்று எழுத இரண்டு நிமிடம் கூடுதலாகும். மறுநாள் காலை அதே நேரத்தில், அதே வரிசையில் யார் பார்த்தாலும் நீர் கூடியதா, குறைந்ததா என்று அவரால் சொல்ல முடியும்.